கடல் கடந்து கலாநிதிப் பட்டம்: முதலாண்டின் சோதனைகள்

ஆண்டுதோறும் செப்டெம்பர், ஒக்ரோபர் மாதங்களில் பிரித்தானியாவின் பல்கலைக்கழக நகரங்களில் புதிய முகங்கள் பல தென்படுகின்றன. இலங்கை, இந்தியா, மலேசியா, சீனா, நைஜீரியா எனப் பல நாடுகளிலிருந்தும் மாணவர் வந்து சேர்கின்றனர். இவர்களுள் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கென வருபவர்களின் நிலை தனியானது. இளமாணிப் படிப்புக்கு வருபவருக்கு வகுப்பு உண்டு, நேரசூசி உண்டு, ஒத்த வயதுத் தோழரும் பலர் உண்டு. ஆய்வு மாணவருக்கோ ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு நூலக அட்டை, இரு வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ சந்திக்கும் மேற்பார்வையாளர் ஒருவர். அவ்வளவே.

இவ்வாறு வருபவர்கள் தத்தம் ஊரில் முதல் வரிசையில் நின்றவர்கள். சிலர் புலமைப்பரிசில் பெற்றவர்கள். வேறு சிலர் தாய்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளராக இருந்து, கல்வி விடுமுறை பெற்று, பிணைமுறியில் கையொப்பமிட்டு வந்தவர்கள். பட்டம் இல்லாமல் திரும்பினால் பெருந்தொகைப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பிணை நின்ற உறவினருக்கும் அந்தச் சுமை போய்ச் சேரும். ஆகவே இவர்கள் புத்தகப் பையோடு குடும்பத்தின் மானத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டே விமானம் ஏறுகின்றனர்.

இத்தகைய கெட்டிக்காரர்களுள் பலர் முதலாண்டில் தடுமாறுகின்றனர். அந்தத் தடுமாற்றம் அறிவுக் குறைவினால் ஏற்படுவதன்று. அது பெரும்பாலானோர் கடந்து செல்லும் ஒரு கட்டம். அதற்குக் காரணங்கள் உண்டு, பரிகாரமும் உண்டு. ஆபத்து தடுமாற்றத்தில் இல்லை. அதை வீட்டாரிடமும் மேற்பார்வையாளரிடமும் வைத்தியரிடமும் மறைப்பதிலேயே இருக்கின்றது.

வெளிநாட்டவருக்கென வந்த பட்டம்

கலாநிதிப் பட்டம் பிரித்தானியாவின் பழைய சொத்து என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் ஆய்வுக்கென வழங்கப்படும் இப்பட்டம் ஜேர்மனியில் வளர்ந்தது. 1810 இல் நிறுவப்பட்ட பேர்ளின் பல்கலைக்கழகம் ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் ஒன்றாக இணைத்த முறைக்கு முன்மாதிரியாயிற்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861 இல் இப்பட்டத்தை முதன்முதலாக வழங்கியது. பிரித்தானியாவில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1917 இலேயே இதனை ஏற்றது. கேம்பிறிட்ஜும் ஏனையவும் அதன் பின்னரே வந்தன. முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் அமெரிக்க மாணவர் மேற்படிப்புக்கு ஜேர்மனியை நாடிச் சென்றனர். அவர்களையும் பேரரசின் பிற நாட்டு மாணவரையும் தம்பக்கம் ஈர்ப்பது பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

ஆகவே வெளிநாட்டு மாணவர் இப்பட்டத்துக்கு விருந்தாளிகள் அல்லர். அவர்களையும் கருத்திற் கொண்டே இது இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தாம் தகுதியற்ற இடத்தில் வந்து அமர்ந்துவிட்டதாக மனங்குன்றும் மாணவர் இந்த வரலாற்றை அறிந்திருத்தல் நல்லது.

விடை தேடியவர் கேள்வி தேட வேண்டும்

இலங்கையிலும் இந்தியாவிலும் கல்வி பரீட்சையைச் சுற்றியே சுழல்கின்றது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் எனப் பிள்ளைகள் ஒவ்வொரு படியிலும் கேள்வித்தாளையே எதிர்நோக்குகின்றனர். கேள்வி வேறொருவரிடமிருந்து வரும். சரியான விடை எங்கோ ஓரிடத்தில் இருக்கும். அதை விரைவாக எழுதுபவர் வெல்வார். இருபது ஆண்டுகள் இந்த விளையாட்டில் வென்றவர், இங்கு வந்ததும் விளையாட்டே மாறிவிட்டதைக் காண்கிறார்.

இங்கு கேள்வியை அவரே கண்டுபிடிக்க வேண்டும். அது எவரும் இதற்குமுன் விடை காணாத கேள்வியாகவும், மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் விடை காணக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முதலாண்டில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் மாணவரைத் தற்காலிகமாகவே பதிவு செய்கின்றன. ஓராண்டு அளவில் நடைபெறும் மதிப்பீடு ஒன்றில் தம் ஆய்வுத் திட்டத்தை அவர் நிறுவ வேண்டும். இறுதியில், பல துறைகளில் 80,000 முதல் 100,000 சொற்கள் வரையிலான ஆய்வேடு. அதன்பின் உள்ளகப் பரீட்சகர் ஒருவரும் வெளிவாரிப் பரீட்சகர் ஒருவரும் மூடிய அறையில் நடத்தும் வாய்மொழிப் பரீட்சை. சிறு திருத்தங்களுடன் தேறுவதே அங்கு வழமை. எந்தத் திருத்தமும் இன்றித் தேறுபவர் சிலரே. திருத்தம் எழுதச் சொன்னதைத் தோல்வி எனக் கொண்டு வீட்டுக்குச் சொல்லாமல் வருந்தும் மாணவரும் உளர். அது தோல்வியன்று.

முதல் ஆறு மாதங்களில் வாசிப்பு பெருகும். எழுத்தோ பக்கத்துக்கு மேல் நகராது. வாசிக்க வாசிக்க அறியாதவற்றின் பட்டியல் நீளும். ஊரில் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் மனனம் செய்தவருக்கு இது பெருந் தோல்வியாகத் தோன்றும். ஆனால் ஆய்வின் முதற் கட்டம் எல்லோருக்கும் இப்படித்தான். பக்கத்து மேசையிலிருக்கும் ஆங்கிலேய மாணவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். அவர் அதை நண்பரோடு தேநீர்க் கடையில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார். நம்மவர் அறைக்குள் அடைந்து கிடக்கிறார். வேறுபாடு அவ்வளவே.

மேற்பார்வையாளரின் மொழி

ஆசிரியரைத் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பழகியவருக்குப் பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதே பெரும்பாடு. அதைவிடப் பெரும்பாடு அவருடைய பேச்சின் பொருளை உணர்வது. ஆங்கிலேயப் பேராசிரியர் கட்டளையிடுவதில்லை. “இந்த அத்தியாயத்தை இன்னொரு முறை பார்க்கலாமோ என்னவோ” என்று மெல்லச் சொல்வார். அதன் பொருள், “இது போதாது, திரும்ப எழுது” என்பதாகும். “சுவையான கருத்து” என்று அவர் கூறினால் அது எப்போதும் பாராட்டாகாது. சில வேளைகளில் அவர் ஐயம் தெரிவிக்கும் விதமும் அதுவே. ஐஈஎல்ரிஎஸ் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்றவருக்கும் இந்த மொழியை எவரும் கற்பித்ததில்லை.

மறுபுறத்தில், மாணவர் தலையாட்டுவதை மேற்பார்வையாளரும் தவறாக விளங்கிக்கொள்கிறார். மரியாதைக்காக “ஓம்” என்று சொன்னதை, விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார். மூன்று மாதம் கழித்து வேலை நடக்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வியப்பு, மாணவருக்கு வெட்கம். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு சந்திப்பும் முடிந்த அன்றே, பேசியவற்றையும் அடுத்துச் செய்ய வேண்டியவற்றையும் ஐந்தாறு வரிகளில் எழுதி மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது. தவறாக விளங்கியிருந்தால் அடுத்த நாளே திருத்தம் வந்துவிடும்.

மேற்பார்வையாளர் பாடம் புகட்டுபவர் அல்லர். கேள்வி கேட்டு ஆய்வைக் கூர்மைப்படுத்துபவர். தமிழியல் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. பேராசிரியர் க. கைலாசபதியும், அவருக்குப் பின் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் 1960களில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு வந்து கலாநிதிப் பட்டம் பெற்றனர். இருவருடைய ஆய்வுப் பொருளும் பண்டைத் தமிழ். மேற்பார்வையாளரான ஜோர்ஜ் தொம்சனோ கிரேக்கப் பேராசிரியர். பழைய கிரேக்க இலக்கியத்தையும் சமூகத்தையும் ஆராய்ந்தவரிடமிருந்து ஒப்புநோக்கும் முறையைப் பெற்று, அதைத் தமிழுக்குப் பயன்படுத்தியது மாணவரின் பணி. கைலாசபதியின் ஆய்வு தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலாக 1968 இல் ஒக்ஸ்போட்டில் வெளிவந்தது. சிவத்தம்பியின் ஆய்வு பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியது. தம் பொருளில் தாமே நிபுணராக வேண்டும் என்பதை ஆய்வு மாணவர் எவ்வளவு விரைவில் உணர்கிறாரோ அவ்வளவு விரைவில் அவருடைய கால் நிலத்தில் ஊன்றும்.

ஏறி இறங்கும் மனநிலை

அந்நிய நாட்டில் குடியேறுபவரின் மனநிலை பற்றி அறிஞர் ஆராய்ந்திருக்கின்றனர். கலர்வோ ஒபெர்க் என்ற மானிடவியலாளர் 1954 இல் ஆற்றிய உரையொன்றில் பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தை விளக்கினார். பழகிய அடையாளங்கள் யாவும் ஒரே நேரத்தில் மறைந்துபோவதால் வரும் பதற்றமே அது என்றார். எப்போது கைகுலுக்குவது, எப்போது நன்றி கூறுவது, யார் சொல்வதை நம்புவது என்ற சிறு சிறு அறிவுகளை நாம் உணராமலே பயன்படுத்துகிறோம். அவை இல்லாதபோதுதான் அவற்றின் அருமை தெரிகின்றது.

1955 இல் வெளியிட்ட ஆய்வுக்காக ஸ்வெர் லிஸ்கார்ட் என்ற நோர்வே அறிஞர், புல்பிரைட் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்று திரும்பிய 200 நோர்வேயரிடம் விசாரித்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத் தங்கியவரும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவரும் நன்றாக இசைந்திருந்தனர். இடைப்பட்ட காலம் தங்கியவரே இடர்ப்பட்டிருந்தனர். முதலில் உற்சாகம், பின் வீழ்ச்சி, பின் மீட்சி என்ற வளைகோட்டுக் கருத்து இதிலிருந்து பிறந்தது. ஆனால் எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை. நியூசிலாந்தில் படித்த யப்பானிய மாணவரைத் தொடர்ந்து கவனித்த கொலீன் வார்ட்டும் சகாக்களும், இடர்ப்பாடு வந்த உடனேயே மிகுந்திருந்ததையும் பின்னர் படிப்படியாகக் குறைந்ததையும் கண்டு 1998 இல் வெளியிட்டனர்.

இரண்டு ஆய்வுகளிலும் ஆறுதலான உண்மை ஒன்றுண்டு. இடர்ப்பாடு எந்தக் கட்டத்தில் வந்தாலும் பெரும்பாலோருக்கு அது நிலைத்து நிற்பதில்லை. நடுக்குளிரில், ஜனவரி மாதத்தில், “எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவோமா” என்று தோன்றினால், அந்த முடிவை அன்றைக்கே எடுக்கக் கூடாது.

உடம்பு கேட்கும் கணக்கு

யாழ்ப்பாணத்தில் டிசெம்பர் மாதத்திலும் சுமார் 11½ மணித்தியாலம் பகல் உண்டு. இலண்டனில் டிசெம்பர் பிற்பகுதியில் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எடின்பரோவில் பகல் ஏறத்தாழ ஏழு மணித்தியாலமே. ஆய்வுகூடத்தினுள் இருட்டோடு புகுந்து இருட்டோடு வெளியே வருபவர் வாரக்கணக்கில் வெயிலைக் காண்பதில்லை. குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வு என்று ஒரு நோயுண்டு. 1984 இல் நோர்மன் ரோசந்தாலும் சகாக்களும் இதனை விவரித்தனர். உறக்கம் கூடும், மாப்பண்டத்தில் ஆசை கூடும், உற்சாகம் குறையும். காலையில் அரை மணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் நடப்பது செலவில்லாத மருந்து.

கருமையான தோல் உடையவருக்கு இந்நாட்டு வெயிலில் விற்றமின் டி போதிய அளவு உண்டாவதில்லை. நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வில்லையை ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வது பற்றித் தென்னாசிய வம்சாவளியினர் சிந்திக்க வேண்டும் என்று இந்நாட்டுச் சுகாதாரத் துறை கூறுகின்றது. மரக்கறி மட்டும் உண்பவர், அதிலும் பாலையும் தவிர்ப்பவர், விற்றமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காரணமில்லாத களைப்பும் கால்விறைப்பும் இவற்றால் வரலாம்.

தென்னாசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே, மெலிந்த உடம்பிலும் வரக்கூடும். ஆகவே உடல் திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டினாலே இவர்கள் கவனிக்க வேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவ அறிவுரை. காலை உணவை விட்டு, நண்பகலில் பொரித்த உருளைக்கிழங்கு, நள்ளிரவில் உடனடி நூடில்ஸ் என்று ஓராண்டு ஓடினால் உடம்பு கணக்குக் கேட்காமல் விடாது.

மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் அறவிடப்படுகின்றது. 2024 பெப்ரவரியில் இது மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுணாக உயர்ந்தது. இவ்வளவு பணம் கட்டியும் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்யாமல் இருப்பவர் உண்டு. நோய் வந்தபின் அலைவதைவிட வந்த முதல் வாரத்திலேயே பதிவு செய்துகொள்வது நல்லது.

தலையிடியின் பின்னால்

தமிழ் மாணவர் மனவருத்தம் என்று சொல்லி வைத்தியரிடம் போவது அரிது. தலையிடி, வயிற்றெரிவு, நெஞ்சுப் படபடப்பு, உறக்கமின்மை என்றே போவார். பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படாது. எத்தனை நாளாகச் சரியாகப் பேசச் சிரிக்க ஆளில்லை என்று கேட்டபின்னரே உண்மை வெளிவரும்.

இது நம்மவருக்கு மட்டும் உரியதன்று. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 கலாநிதிப் பட்ட மாணவரிடம் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வு போன்ற நோய்க்கு ஆளாகும் அபாயத்தில் இருப்பது தெரியவந்தது. அதிகம் படித்த ஏனையோரைவிட இவர்களுக்கு அபாயம் கூடுதலாக இருந்தது. “நான் உண்மையில் கெட்டிக்காரன் அல்லன், ஏதோ தவறுதலாகத் தெரிவு செய்துவிட்டார்கள், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்” என்ற அச்சத்தையும் உளவியலாளர் அறிவர். போலின் குளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இருவர் 1978 இல் சாதனை படைத்த பெண்களிடையே இதைக் கண்டு எழுதினர். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

வருத்தம் எது, நோய் எது என்று எவ்வாறு பிரித்தறிவது? இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனம் தாழ்ந்திருந்தால், முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் இல்லாவிட்டால், உறக்கமும் பசியும் கெட்டால், வைத்தியரைக் காண வேண்டும். சிகிச்சை பெற்றால் விசா போய்விடும் என்ற அச்சம் மாணவரிடையே பரவியிருக்கின்றது. வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைப் பல்கலைக்கழகத்துக்கோ பெற்றோருக்கோ சொல்வதில்லை; உயிராபத்து முதலிய சில நிலைமைகளே விதிவிலக்கு. படிப்பை நீண்ட காலம் இடைநிறுத்தினால் விசாவில் சிக்கல் வரலாம் என்பது உண்மை. ஆகவே இடைநிறுத்துமுன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஆலோசனை கேட்க வேண்டும். சிகிச்சை வேறு, இடைநிறுத்தம் வேறு.

வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இங்கிலாந்தில் 111 என்ற இலக்கத்தை அழைத்து இரண்டாம் தெரிவை எடுத்தால் மனநலப் பணியாளர் பேசுவர். சமாரித்தன்ஸ் அமைப்பின் 116 123 இலக்கம் இரவு பகலாக, கட்டணமின்றி இயங்குகின்றது. உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 999.

கேம்பிறிட்ஜுக்கு வந்த இருவர்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1914 ஏப்ரல் மாதம் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அப்போது கலாநிதிப் பட்டம் இங்கு இல்லை. 1916 இல் ஆய்வின் மூலம் இளமாணிப் பட்டம் பெற்றார். வந்த சில மாதங்களில் யுத்தம் மூண்டது. மரக்கறி உணவில் உறுதியாயிருந்த அவர் தம் அறையில் தாமே சமைத்தார். வேண்டிய பொருள்கள் கிடைக்கவில்லை. குளிர், தனிமை, ஒழுங்கற்ற உணவும் உறக்கமும் எல்லாம் சேர்ந்தன. 1917 இல் நோயுற்று மருத்துவ நிலையங்களில் காலம் கழித்தார். 1918 இன் தொடக்கத்தில் இலண்டனில் ரயில் முன் பாய்ந்து உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில் ரோயல் சங்கத்தின் உறுப்பினராகவும் தெரிவானார். 1919 இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 இல் தமது 32 ஆவது வயதில் மறைந்தார். அக்காலத்தில் காசநோய் எனக் கருதப்பட்ட அவருடைய நோய், ஈரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994 இல் வெளியான மருத்துவ ஆய்வொன்று கூறுகின்றது. அவருக்கு இந்தியாவிலேயே வயிற்றளைச்சல் வந்திருந்தது. பழைய நோய் வரலாற்றை வைத்தியரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை இறுதியில், 19 வயதில், பம்பாயிலிருந்து கப்பலேறினார். கேம்பிறிட்ஜில் பெரிய அறிவியலாளரிடையே தாம் சிறியவரென்ற எண்ணமும் தனிமையும் அவரை வாட்டின. 1931 மே மாதத்தில் தாயார் சென்னையில் காலமானார்; மகன் அருகில் இருக்க இயலவில்லை. தாம் எடுத்த துறையே சரிதானா என்ற ஐயமும் எழுந்தது. அவர் அந்த ஐயத்தைத் தமக்குள் புதைக்கவில்லை. டிராக் என்ற அறிஞரிடம் பேசினார். அவருடைய ஆலோசனைப்படி 1932 இல் கோபன்ஹேகன் சென்று, நீல்ஸ் போரின் நிறுவனத்தில் பல நாட்டு இளம் ஆய்வாளரோடு ஓராண்டளவு கழித்தார். அங்கு நட்பு கிடைத்தது, மனம் தெளிந்தது. 1933 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அரை நூற்றாண்டின் பின், 1983 இல் நோபல் பரிசும் வந்தது.

இருவரும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்கள். இருவரும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள். காலமும் உடல்நிலையும் யுத்தமும் வேறுவேறு என்பதால் ஒருவரை மற்றவரோடு எடைபோடுவது முறையன்று. ஆனால் தகுந்த நேரத்தில் பேச ஆளும், மாறிச் செல்ல இடமும் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை இரண்டாமவரின் வரலாறு காட்டுகின்றது.

மூன்று நட்பு வட்டங்கள்

ஸ்ரீபன் பொச்னரும் சகாக்களும் 1977 இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டு மாணவருக்கு மூன்று நட்பு வட்டங்கள் இருப்பதைக் காட்டினர். தம் நாட்டவர் வட்டத்தில் தாய்மொழியும் பண்பாடும் வாழ்கின்றன. உள்ளூரவர் வட்டம் படிப்புக்கும் அலுவல்களுக்கும் உதவுகின்றது. பிற நாட்டு மாணவர் வட்டம் பொழுதுபோக்குக்கும் தோழமைக்கும் இடமாகின்றது. மூன்றும் வெவ்வேறு தேவைகளை நிறைவேற்றுகின்றன. தமிழரோடு மட்டுமே பழகுபவருக்கு ஆங்கிலேயப் பேராசிரியரின் மனம் விளங்காது. தமிழரையே தவிர்ப்பவருக்கு நோயுற்ற நாளில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளிருக்காது.

துணைவரோடு வருபவர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் கல்வி தொடங்கும் வெளிநாட்டு மாணவருள், கலாநிதிப் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்பினரும் அரச புலமைப்பரிசில் பெற்ற சிலருமே குடும்பத்தை அழைத்து வரலாம். இவ்வாறு வரும் மனைவியோ கணவனோ ஊரில் நல்ல தொழில் பார்த்தவராக இருப்பார். இங்கு நான்கு சுவருக்குள், பேச்சுத் துணையின்றி, கைக்குழந்தையோடு நாளைக் கழிப்பார். ஆய்வு மாணவருக்கு மேசையாவது உண்டு, துணைவருக்கு அதுவுமில்லை.

ஊரிலிருந்து வரும் இடியும் இவர்களைத் தாக்குகின்றது. 2022 இல் இலங்கை ரூபா சில வாரங்களில் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 அளவுக்கு வீழ்ந்தபோது, வீட்டுப் பணத்தை நம்பியிருந்தவர் திண்டாடினர். மாணவர் விசா தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய இடமளிப்பதில்லை. அந்த எல்லையைத் தாண்டுபவர் படிப்பையே பணயம் வைக்கிறார். பணமுடை வந்தால் பல்கலைக்கழகத்தின் இடருதவி நிதி பற்றி விசாரிப்பதே முதற் படி.

அங்கத்தவர்கள் செய்யக்கூடியவை

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்து, பந்தியில் ஓரமாக இருந்து, எவரோடும் பேசாமல் போகும் இளைஞரை ஆலயங்களில் காணலாம். அவரிடம் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பது, “தம்பி, படிப்பு எப்ப முடியும்?” என்பதாகும். ஆய்வு மாணவருக்கு இதைவிடக் கொடிய கேள்வி கிடையாது. விடை அவருக்கே தெரியாது. அதற்குப் பதிலாக, “தம்பி, சாப்பிட்டீரோ? எங்க இருக்கிறீர்? வாற ஞாயிறு வீட்டை வாருமன்” என்று கேட்கலாம். ஒரு நேரப் புட்டும் சொதியும் மருந்துக் கடையில் கிடைக்காத மருந்து.

பழைய குளிர்ச் சட்டை, சமையல் பாத்திரம், குழந்தை வண்டி ஆகியவற்றைச் சேர்த்து வைத்துச் செப்டெம்பரில் வழங்கலாம். குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்ய, வங்கிக் கணக்குத் திறக்க ஒரு முற்பகல் கூடப் போகலாம். துணைவர்களை ஆலய வகுப்புகளுக்கும் மகளிர் கூட்டங்களுக்கும் அழைக்கலாம். இந்நாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்த அங்கத்தவர், தம் முதலாண்டில் பட்ட இடரைப் புதியவருக்கு மறைக்காமல் சொல்லலாம். வெற்றிக் கதைகளைவிட அதுவே அவருக்கு ஆறுதல்.

ஊரிலுள்ள பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை தொலைபேசியில் “நல்லாயிருக்கிறன்” என்று மூன்று மாதமாக ஒரே பதிலைச் சொன்னால், பரீட்சை முடிவு கேட்பதை நிறுத்திவிட்டு நித்திரை கொண்டதா, யாரோடு பேசியது என்று கேளுங்கள். பட்டம் இல்லாமல் வந்தாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை படிப்பை விட்டு ஓடிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அச்சம் நீங்கிய மனத்துக்கே ஆய்வு வசப்படும்.